எட்டி எடுப்பதா, கிட்டப் போவதா: வீட்டைச் சுற்றியுள்ள உயிர்களைப் படமெடுக்க மூன்று கருவிகள்

பறவைகளைப் படமெடுக்கக் கேமரா வேண்டும் என்று கடையில் கேட்டால், விற்பவர் வாயிலிருந்து முதலில் வருவது ஜூம் எத்தனை மடங்கு என்ற எண்தான். காட்டுக்கும் ஏரிக்கும் போகிறவருக்கு அந்த எண் உதவும். வீட்டு முருங்கையில் வந்தமரும் தேன்சிட்டையும், மதில்மேல் வெயில் காயும் ஓணானையும், மாமர இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பையும் எடுக்க நினைப்பவருக்கு அது பாதிக் கணக்கு மட்டுமே. இந்த உயிர்கள் மனிதர் நடமாட்டத்துக்குப் பழகியவை. இன்று தவறினாலும் நாளை அதே கிளைக்கு அதே நேரத்தில் வரக்கூடியவை. தென்சென்னைப் புறநகரில் இருக்கும் என் வீட்டையும் தெருவையும் மனத்தில் வைத்தே, மூன்று வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்: நிக்கான் கூல்பிக்ஸ் பி950 போன்ற, லென்ஸ் கழற்ற முடியாத பெருஜூம் கேமரா; கேனானின் 55-250 எஸ்.டி.எம். லென்ஸ் பூட்டிய பழைய டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் கழற்றி மாற்றக்கூடிய கேமரா); கையில் ஏற்கெனவே இருக்கும் கைபேசி.

தொலைவிலிருந்து தொடங்கலாம். பி950 கேமராவின் ஜூம் 83 மடங்கு, 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் சொன்னால் 2000 மி.மீ. குவியத்தூரம் (இந்த எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்). கேனான் லென்ஸோ அதே கணக்கில் 400 மி.மீ. அளவிலேயே நின்றுவிடுகிறது. சுமார் 10 செ.மீ. நீளமுள்ள தேன்சிட்டு 30 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், பெருஜூம் கேமராவின் படத்தில் அதன் உடல் ஏறத்தாழ 890 பிக்சல் நீளத்துக்கு விழும். 24 மெகாபிக்சல் டி.எஸ்.எல்.ஆரில் 225 பிக்சலைத் தாண்டாது. இந்தத் தொலைவில் போட்டிக்கே இடமில்லை. ஆனால் பறவை 5 மீட்டரில் இருந்தால் டி.எஸ்.எல்.ஆரிலேயே 1,300 பிக்சலுக்கு மேல் கிடைத்துவிடுகிறது. இணையத்தில் பகிரவும் அஞ்சலட்டை அளவில் அச்சிடவும் அது தாராளம். பி950 கேமராவின் முழு ஜூமிலோ, 5 மீட்டருக்கு உள்ளே வந்த எதையும் குவியப்படுத்தவே இயலாது. பின்னால் நகரவோ ஜூமைக் குறைக்கவோ வேண்டும். எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து முருங்கைக் கிளை 4 மீட்டர். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இறங்கிக் குப்பை கிளறும் மூலை 6 மீட்டர். 30 மீட்டருக்கு அப்பால் எனக்கு இருப்பது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அதன்மேல் அமரும் காகங்களுமே.

தொலைவை ஜூம் வெல்லும்போதும், இடையில் உள்ள காற்றை அது வெல்வதில்லை. வெயில் ஏறிய பிறகு மொட்டை மாடித் தளத்திலிருந்தும் தார்ச் சாலையிலிருந்தும் எழும் வெப்பக்காற்று ஒளியை அலைக்கழிப்பதால், 2000 மி.மீ. அளவில் எடுத்த படம் தண்ணீருக்குள் இருந்து எடுத்ததுபோல் நெளிந்து வரும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தொலைவில் நிற்கும் பூநாரைகளை முற்பகல் பதினொரு மணிக்கு எடுத்துவிட்டு, குறை கேமராவில்தான் என்று புலம்பியவர்களில் நானும் ஒருவன். அதே கேமராவில் காலை ஏழு மணிக்கு எடுத்த படங்களைப் பார்த்த பிறகே தவறு யாருடையது என்று விளங்கியது.

ஒளியைப் பொறுத்தவரை இந்த இரண்டு கேமராக்களுக்கும் உள்ள இடைவெளி பெரியது. பெருஜூம் கேமராவில் ஒளியைப் படமாகப் பதியும் சென்சார் ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் உடையது, கேனான் டி.எஸ்.எல்.ஆரின் சென்சார் 22.3 மி.மீ. அகலமும் 14.9 மி.மீ. உயரமும் உடையது. பரப்பில் இது சுமார் 12 மடங்கு. முழு ஜூமில் பி950 லென்ஸின் துளையும் எஃப்6.5 அளவுக்குச் சுருங்கிவிடுவதால், மாமர நிழலில் பதுங்கும் செண்பகத்தையோ மேகமூட்டமான மார்கழிக் காலையில் வரும் வால்காக்கையையோ எடுக்க, ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்றியே ஆக வேண்டும். 800 தாண்டியதும் இறகுகள் மெழுகில் வார்த்தவைபோல் வழவழப்பாகிவிடுகின்றன. கைநடுக்கத்தைத் தணிக்கும் வசதி அந்தக் கேமராவில் மிக நன்றாக வேலை செய்கிறது என்பது உண்மைதான்; ஆனால் அது நம் கையின் அசைவைத் தணிக்குமே தவிர, ஒரு நொடி ஓரிடத்தில் நில்லாத தையல்சிட்டின் அசைவைத் தணிக்காது. அதற்கு 1/1000 நொடி போன்ற வேகம் வேண்டும், அந்த வேகத்துக்கு ஒளி வேண்டும். இரட்டைவால் குருவி என்றும் சொல்லப்படும் கரிச்சான், வெளிறிய வானத்தின் முன்னே மின்கம்பியில் அமர்ந்திருக்கும் காட்சி, இந்தச் சிறு சென்சாருக்குக் கடினமான தேர்வு: வானம் சரியாக வந்தால் பறவை வெறும் கறுப்பு நிழலாகவும், பறவையின் கண் தெரிந்தால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகவும் முடிகிறது. பெரிய சென்சாரில், பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா வடிவில் எடுத்துக்கொண்டால், இரண்டையும் ஓரளவு மீட்கலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது ஜூமின் மறுமுனைதான்; அதாவது, எவ்வளவு கிட்டப் போகலாம் என்பது. வெறும் 375 கிராம் எடையுள்ள அந்த 55-250 லென்ஸ், 85 செ.மீ. தொலைவில் இருப்பதையும் குவியப்படுத்தும். அந்த நிலையில் சட்டகத்தின் அகலத்தில் அடங்குவது ஏறத்தாழ 77 மி.மீ. மட்டுமே. கறிவேப்பிலைச் செடியில் முட்டையிட வரும் எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சி அந்தச் சட்டகத்தை நிரப்பிவிடும், நம் நிழலும் அதன்மேல் விழாது. இதே லென்ஸின் முன்னால் ரேனாக்ஸ் டி.சி.ஆர்.-250 என்ற சிறு உருப்பெருக்கியைக் கவ்வ வைத்தால், முழு ஜூமில் சட்டகத்தின் அகலம் சுமார் 11 மி.மீ. ஆகக் குறுகுகிறது. இந்த ஒரு துணைக்கருவி திறந்துவிட்ட உலகத்தை எந்த ஜூமும் எனக்குக் காட்டியதில்லை. முசுறு எறும்புகளின் ஊர்வலத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அவற்றில் ஒன்றுக்கு எட்டுக் கால்கள் இருந்தன. முசுறு வேடமிடும் குதிக்கும் சிலந்தி அது. முன்னங்கால்களை உணர்கொம்புபோல் தூக்கிக்கொண்டு நடக்கும், கிளையைத் தட்டினால் எறும்பைப்போல் ஓடாமல் நூலில் இறங்கித் தொங்கும். ஆண் சிலந்தியின் நீண்ட தாடைகள், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைக் கவ்விச் செல்வதுபோல் தோன்றும். எத்தனை ஆண்டுகள் அதை எறும்பு என்றே எண்ணிக் கடந்து போயிருப்பேன் என்று தெரியவில்லை.

இந்த வழி எளிதானது என்று சொல்லமாட்டேன். கருவிக்கும் சிலந்திக்கும் இடையே 12 செ.மீ. அளவே இருக்கும், தெளிவாக விழும் ஆழமோ ஒரு மி.மீ. அளவுகூட இராது, மூச்சு விட்டால் குவியம் நழுவும். ஃபிளாஷ் வேண்டும், அதன் ஒளியைப் பரப்ப ஒரு மறைப்பும் வேண்டும். டிரேசிங் தாளை வளைத்து ஒட்டியே நான் சமாளிக்கிறேன்.

கைபேசியை இந்த வரிசையில் கடைசியாக வைத்திருப்பது, அது தாழ்ந்தது என்பதால் அல்ல. மழை விட்ட இரவில் வாசல் விளக்கைச் சுற்றும் அந்துப்பூச்சிகள், தொட்டியோரத் தேரை, சுவரில் ஊரும் நத்தை ஆகியவற்றுக்கு அதுவே போதும். பல கைபேசிகளில் அகலக்கோண லென்ஸ் மூலம் இரண்டு மூன்று செ.மீ. வரை நெருங்கலாம், பின்னணியில் நம் வீட்டுச் சுவரும் சேர்ந்து தெரிவதால் படத்துக்கு ஓர் இடமும் கிடைக்கிறது. நேரமும் இருப்பிடமும் தானாகப் பதிவாவதால் கண்ட உயிரினங்களைப் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் ஏற்றுவது எளிது. பறவைக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். டிஜிட்டல் ஜூமில் இழுத்த படத்தை மென்பொருள் தானே கூர்தீட்டும்போது, இல்லாத இறகுக் கோடுகளையும் அது வரைந்து வைக்கிறது. இறக்கையில் பட்டை உண்டா இல்லையா என்பதைக்கொண்டே இனம் பிரிக்க வேண்டிய கதிர்க்குருவிகளில், இப்படி வரைந்த கோடு தவறான பெயரில் கொண்டுபோய் விட்டுவிடும்.

பணக்கணக்கில் பழைய டி.எஸ்.எல்.ஆருக்கு இப்போது நல்ல நேரம். பெரிய நிறுவனங்கள் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் நகர்ந்துவிட்டதால், நல்ல நிலையில் உள்ள பழைய கேமரா உடல்களும் லென்ஸ்களும் சந்தைக்கு வந்தவண்ணம் இருக்கின்றன. வாங்கும்போது, ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, லென்ஸைக் கைவிளக்கு ஒளியில் தூக்கிப் பிடித்து உள்ளே சிலந்திவலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடலோரச் சென்னையின் ஈரக்காற்றில் இது கேமராக்களைப் பிடிக்கும் முதல் நோய். கழற்றும் லென்ஸில் பூஞ்சை வந்தால் அந்த லென்ஸோடு இழப்பு முடியும். பெருஜூம் கேமராவில் வந்தால் முழுக் கருவியும் பழுதுபார்க்கும் மேசைக்குப் போகும். எதை வாங்கினாலும், காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் அன்றைக்கே வாங்கியாக வேண்டியவை.

பெருஜூம் கேமராவுக்கு நான் முழு மனத்துடன் வெற்றி தரும் இடம் கூடுதான். இலைகளைச் சேர்த்துத் தைத்த தையல்சிட்டின் கூட்டை நெருங்கி, மறைக்கும் இலையை விலக்கி எடுத்தால், நாம் விலகிய பின் காகமோ வால்காக்கையோ எளிதாக அதைக் கண்டுகொள்ளும். 20 மீட்டர் தள்ளி நின்று, தாய்ப்பறவை தயங்காமல் வந்துபோகும்போது எடுக்கக்கூடிய கருவி இந்த மூன்றில் அது ஒன்றே. ஆனால் மொட்டை மாடியில் நீண்ட லென்ஸோடு நின்றால், நாம் பார்ப்பது பருந்தைத்தான் என்று எதிர்வீட்டாரை நம்பவைப்பது கடினம். முதலிலேயே போய்ப் படங்களைக் காட்டிவிட்டு வருவது நல்லது.

இரவில் கூரைமேல் நடக்கும் மரநாய்க்கும், ஆளில்லாத நேரத்தில் கொல்லையைக் கடக்கும் கீரிக்கும் இந்த மூன்றுமே உதவா. உடல் வெப்பத்தின் அசைவை உணர்ந்து, அகச்சிவப்பு ஒளியில் கறுப்பு வெள்ளையாகப் பதியும் தானியங்கிக் கேமரா அவற்றுக்கு உண்டு. அதை நம் எல்லைக்குள் மட்டுமே நோக்கும்படி கட்ட வேண்டும்.

ஆகவே என் தேர்வு, தரைத்தளத்தில் செடிகொடிகளோடு இருக்கும் வீட்டுக்குப் பழைய டி.எஸ்.எல்.ஆர்., 55-250 லென்ஸ், அதன்மேல் ஒரு ரேனாக்ஸ். நான்காம் மாடியில் இருந்துகொண்டு, அருகில் ஏரியோ வெற்றுமனையோ தெரிகிறது என்றால் பி950 தான். அங்கே நெருங்க வழியே இல்லை. எந்தப் பக்கம் நாம் என்று ஐயம் இருந்தால், ஒரு வாரம் கைபேசியோடு சன்னலருகே அமர்ந்து, வரும் ஒவ்வோர் உயிரும் எத்தனை காலடித் தொலைவில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்தத் தாளோடு கடைக்குப் போகலாம்.