மழைநீர் பிடிக்க எந்தக் கலன்? பீப்பாய், கூண்டுத் தொட்டி, பாலி டேங்க்: ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் குழாய்த் தண்ணீர் நின்றுபோகும் நாளில்தான் பலருக்கு மழைநீர்க் கலன் வாங்கும் எண்ணம் வருகிறது. அன்றே பழைய சாமான் கடைக்குப் போய், கண்ணில் படுவதிலேயே பெரியதாக ஒன்றை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) உறவினர், அண்டை வீட்டார் என்று ஏழெட்டு வீடுகளுக்கு இந்தக் கலன்களை நான் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: கொள்ளளவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கலனில் முன்பு என்ன இருந்தது, அதன் வாயைக் கொசு நுழையாதபடி மூட முடியுமா, நிறைந்த பிறகு அதன் எடையைத் தாங்கத் தரை இருக்கிறதா என்பவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கொள்ளளவு ஏன் கடைசி என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். எங்கள் வீட்டுச் சமையலறையின் பின்புறத் தகரக் கூரை 20 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்டது. அதாவது ஏறக்குறைய 22 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிதறலும் ஆவியும் போக, சுமார் 400 லிட்டர் கிடைக்கும். தைப்பிங்கைப் போல மழைக்குப் பெயர்போன ஊர் எங்களுடையது அன்று. ஆனாலும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை ஒன்றே அந்த அளவைக் கொட்டிவிடும். கலன் காலியானால் ஓரிரு நாளில் மறுபடியும் நிறைந்துவிடும் ஊரில், பெரிய கலனுக்கு வேலை இருப்பது வறண்ட வாரங்களில் மட்டுந்தான். செடிகளுக்கும் மோட்டார் சைக்கிள் கழுவவும் கால்மிதி அலசவும் எங்கள் வீட்டில் நாளொன்றுக்குச் சுமார் 60 லிட்டர் செலவாகிறது. இந்தக் கணக்கில் 200 லிட்டர் மூன்று நாளுக்கும், 400 லிட்டர் ஆறு நாளுக்கும், 1,000 லிட்டர் பதினாறு நாளுக்கும் வரும்.

முதலில் பழைய இரும்புப் பீப்பாய். தோட்டத்து லயத்தில் நான் வளர்ந்த காலத்தில் ஒவ்வொரு வீட்டுத் தாழ்வாரத்தின் கீழும் தார் பூசிய இரும்புத் தோம்பு ஒன்று நின்றது. அம்மா விடியற்காலையில் பால்மரம் சீவப் போகுமுன் அதிலிருந்துதான் முகம் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுப்பார். அந்தக் குளிர்ச்சி இன்னும் என் கன்னத்தில் இருக்கிறது. இருந்தாலும் இன்று இரும்பை நான் யாருக்கும் சொல்வதில்லை. அடிவிளிம்பின் மடிப்பில் துரு பிடித்துக் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கிறது. குழாய் பொருத்துவதற்காகத் துளையிட்ட இடத்தில் பூச்சு போய் அங்கும் துரு ஏறுகிறது. துணி துவைக்க எண்ணினால் வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை படியும்.

அதன் இடத்தைப் பிடித்தது 200 லிட்டர் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய். கெட்டியான எச்.டி.பி.இ. பிளாஸ்டிக்கால் ஆனது; அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் பொறித்திருக்கும். வெயிலில் பல ஆண்டுகள் நிற்கும், ஒளியை அதிகம் உள்ளே விடாததால் பாசி பிடிப்பது குறைவு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தால் நகர்த்திவிடலாம். நான் கடைசியாக வாங்கியது 70 வெள்ளி (ரிங்கிட்). இதன் சிக்கல் முழுவதும் இதன் முன்கதையில் இருக்கிறது. குளுக்கோஸ் பாகு, சோயா சாறு, சமையல் எண்ணெய், ஊறுகாய் ஆகியவை வந்த பீப்பாய்கள் ஒருபுறமும், தொழிற்சாலை இரசாயனம் வந்தவை மறுபுறமும் ஒரே நீல நிறத்தில் ஒரே கடையில் அடுக்கப்பட்டிருக்கும். எங்களைப் போன்ற தோட்டத்து ஊரில் இந்த அச்சம் இரட்டிப்பாகிறது. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலமும், செம்பனை வரிசைகளில் அடிக்கும் களைக்கொல்லியும் பிளாஸ்டிக் கலன்களில்தான் வருகின்றன. அவற்றை மூன்று முறை அலசிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மூன்று முறை அலசுவது கலனைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்துவதற்கான முறை. வீட்டில் மறுபடி பயன்படுத்துவதற்கு அது அனுமதி ஆகாது. களைக்கொல்லி வந்த கலனைக் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது.

என் முதல் பீப்பாயில் நான் ஏமாந்தேன். எண்ணெய்ப் பீப்பாய் என்று விற்றவர் சொன்ன சொல்லை நம்பி, முகர்ந்தும் பார்த்து, வாசனை இல்லையென்று வாங்கி வந்தேன். நிழலில் முகர்ந்ததுதான் பிழை. வீட்டில் மூடியை இறுக்கி நடுப்பகல் வெயிலில் மூன்று மணி நேரம் விட்டுத் திறந்தபோது, மூக்கைக் கூசவைக்கும் வார்னிஷ் நெடி முகத்தில் அடித்தது. அதன்பின் கடைக்காரரிடம் கேட்டு, கடை வாசலிலேயே வெயிலில் மூடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கிறேன். ஒட்டியிருக்கும் சீட்டைச் சுரண்டிவிட்ட பீப்பாயை வாங்குவதில்லை; சீட்டு இருந்து, அதில் சிவப்புக் கரையிட்ட சாய்சதுர அபாயச் சின்னம் ஒன்று தெரிந்தாலும் வாங்குவதில்லை. ஊறுகாய் அல்லது சோயா நெடி வந்தால் கவலை இல்லை. சோப்புத் தண்ணீரும் வெயிலுமாக ஒரு வாரத்தில் போய்விடும்.

இந்த நீலப் பீப்பாயிலும் இரண்டு வகை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, மேற்பகுதி முழுவதும் திறந்து, இரும்பு வளையத்தால் பூட்டும் மூடியுள்ளது. மற்றது, தலை மூடியே இருந்து இரண்டு சிறு துளைகள் மட்டும் உள்ளது. இரண்டாவதில் கொசுவுக்கு வழியில்லை, குழந்தை உள்ளே விழும் அபாயமும் இல்லை. ஆனால் அடியில் படியும் சேற்றைக் கைவிட்டுத் தேய்க்க முடியாது. முதலாவதைத் தேய்க்கலாம், ஆனால் மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு நான் முதல் வகையைத்தான் சொல்வேன், காரணம் கரி. செம்பனை ஆலையின் கொதிகலன் புகைபோக்கியிலிருந்து பறந்து வரும் கரித்துகள், மழையில்லாத வாரத்தில் கூரையில் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். அதன்பின் பெய்யும் முதல் மழையில் இறங்கும் தண்ணீரை வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பாருங்கள். ஆறிய கோப்பியின் நிறத்தில் இருக்கும். தேய்த்துக் கழுவ முடியாத கலனில் அந்தக் கரி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்.

இதனால் எந்தக் கலன் வாங்கினாலும் முதல் மழைத் தண்ணீரை ஒதுக்கும் குழாய் ஒன்றைப் பொருத்தியே ஆக வேண்டும். 1998ஆம் ஆண்டில் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கு கண்ட தண்ணீர் நெருக்கடிக்குப் பின், 1999இல் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு மழைநீர்ச் சேகரிப்புக்கு வழிகாட்டி வெளியிட்டது. 100 சதுர மீட்டருக்கு உட்பட்ட கூரையானால் முதல் 25 முதல் 50 லிட்டரை ஒதுக்குவது நம் நாட்டில் சொல்லப்படும் அளவு. நூறில் கால் பங்குகூட இல்லாத எங்கள் சிறு கூரைக்கு அந்த விகிதத்தில் 12 லிட்டர் போதும்: 4 அங்குலக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 8 லிட்டர் கொள்ளும் என்பதால், ஒன்றரை மீட்டர் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் திருகு மூடி போட்டால் வேலை முடிந்தது. முதல் தண்ணீர் அதில் நிறைந்த பிறகே மீதி கலனுக்குப் போகும்; மழை விட்டதும் மூடியைத் திருகி அழுக்கை வடித்துவிடலாம்.

அடுத்து, இப்போது எல்லாரும் ஆசைப்படும் 1,000 லிட்டர் கூண்டுத் தொட்டி. இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி, அடியில் 2 அங்குல வால்வு, கீழே பலகை. லிட்டருக்கு எவ்வளவு விலை என்று கணக்குப் போட்டால் இதை எதுவும் வெல்ல முடியாது. எங்கள் கூரை அளவுக்கு 50 மில்லிமீட்டர் மழை இதை நிறைத்துவிடும். மழையில்லாத இரண்டு வாரத்தைத் தாக்குப்பிடிக்கும். கொல்லையில் இடமும், கத்திரியும் மிளகாயும் நான்கைந்து பாத்தியும் உள்ளவர்களுக்கு இதுவே நல்லது. ஆனால் மூன்று குறைகளை மனத்தில் கொள்ள வேண்டும். வெள்ளைப் பிளாஸ்டிக் ஒளியை விடுவதால் சில வாரங்களிலேயே பச்சைப் பாசி படர்ந்துவிடும். கறுப்புத் தாளால் சுற்றியோ கறுப்புச் சாயம் பூசியோ வெளிச்சத்தை முற்றாக மறைக்க வேண்டும். மேல்வாய் ஒரு சாண் அகலமே இருப்பதால், மூலைகளைக் கையால் தேய்க்க வழியில்லை. எல்லாவற்றையும்விட, நிறைந்த தொட்டி ஒரு டன்னுக்கு மேல் எடை கொண்டது, அந்த எடை ஒரு மீட்டருக்கு ஒன்றேகால் மீட்டர் இடத்தில் இறங்குகிறது. தாமான் வீட்டின் பின்புறம் சாக்கடை மூடிமேல் இதை வைத்த ஒருவர் வீட்டில் மூடி நடுவில் விரிசல் விட்டு, தொட்டி ஒருபக்கம் சாய்ந்து நின்றதைக் கண்டேன். அன்று அதைக் காலி செய்ய வால்வைத் திறந்தபோது என் கைகள் நடுங்கின. மரப்பலகையோடு வந்தால் கரையானும் சேர்ந்து வரும். இரும்பு அல்லது பிளாஸ்டிக் பலகையுள்ளதைத் தேடி வாங்குவது நல்லது.

புதிய பாலி டேங்க், அதாவது தண்ணீருக்கான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் தொட்டி, இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 100 கேலன், அதாவது சுமார் 455 லிட்டர் அளவில் கிடைப்பது ஒரு சிறு குடும்பத்துக்குச் சரியாக அமையும். தண்ணீருக்கென்றே செய்யப்பட்டதால் முன்கதை என்ற கவலை இல்லை. சிரிம் என்னும் மலேசியத் தரச்சான்று நிறுவனத்தின் முத்திரை பார்த்து வாங்கலாம். ஒளி புகாது, அகன்ற வாயும் திருகு மூடியும் உண்டு, குழாய் பொருத்தும் இடங்கள் ஏற்கெனவே அமைந்திருக்கும். விலைதான் இதன் ஒரே குறை. 455 லிட்டருக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல நீலப் பீப்பாய்கள் பல வாங்கிவிடலாம். ஆனால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கும், கலனின் பழைய கதையை விசாரிக்க நேரமில்லாத வீட்டுக்கும் அந்தப் பணம் தகும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சக்கரம் வைத்த குப்பைத் தொட்டி தண்ணீரின் அழுத்தத்தில் வயிறு புடைத்து விரிசல் விடுகிறது. சிமெண்டுத் தொட்டி உறுதியானது. ஆனால் வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போக வேண்டும், மூடியும் நாம்தான் செய்ய வேண்டும். மண் ஜாடி அழகு, தண்ணீரும் குளிரும், அளவு போதாது.

இனி கொசு. கலன்களின் தர வரிசையை உண்மையில் மாற்றுவது இதுதான். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, புழுவாகிக் கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். மூன்று நாளில் காலியாகும் பீப்பாயில் அது வளர நேரமில்லை என்று தோன்றும். ஆனால் குழாயை அடியிலிருந்து நான்கு அங்குலம் மேலே பொருத்துவதால் அந்த நான்கு அங்குலத் தண்ணீர் ஒருபோதும் வடிவதில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், காற்புள்ளி போன்ற புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்கு இறங்குவதைக் காணலாம். ஆகவே பீப்பாய்க்கு அடியில் தனியே ஒரு வடிகால் அடைப்பு வைத்து, வாரம் ஒரு முறை முழுவதும் வடிக்க வேண்டும். கூண்டுத் தொட்டியை வாரந்தோறும் வடிப்பது நடவாது. அதனால் அதன் நுழைவாயிலுக்கும் நிரம்பி வழியும் குழாய்க்கும் துருப்பிடிக்காத கம்பிவலை கட்டாயம். கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து போடுவதாயின் 10 லிட்டருக்கு 1 கிராம். 200 லிட்டர் பீப்பாய்க்கு 20 கிராம், கூண்டுத் தொட்டிக்கு 100 கிராம் ஆகிவிடும். கொசுப்புழு வளரும் கலனை வைத்திருப்பது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றம். சுகாதார அதிகாரிகள் 500 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அபராதத்தைவிட, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டிங்கி வந்துவிடுமோ என்ற பயமே எனக்குப் பெரிது.

பறவை எச்சமும் எலியின் மூத்திரமும் கூரையில் இருக்கும் என்பதால், இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ பல் துலக்கவோ பயன்படுத்தக் கூடாது. வீட்டின் குழாய்த் தண்ணீர் இணைப்போடு இதை எந்த வகையிலும் சேர்க்கவும் கூடாது.

என் தேர்வு எது என்று கேட்டால், வரிசை வீட்டுக்கு வளையப்பூட்டு உள்ள இரண்டு உணவுப் பீப்பாய்கள். இரண்டையும் அடியில் ஒரு குழாயால் இணைத்துவிட்டால் தண்ணீர் மட்டம் சமமாக நிற்கும், ஒரு குழாயைத் திறந்தால் இரண்டும் வடியும். இரண்டடி உயரச் செங்கல் மேடை கட்டினால் வாளி கீழே நுழையும். ஆனால் அந்த உயரத்தில் ரப்பர் குழாய் பிடித்துப் பீய்ச்சும் அழுத்தம் வராது, செடிக்குச் சொட்டச் சொட்ட ஊற்றலாம், அவ்வளவே. கொல்லைத் தோட்டம் உள்ள என் அக்காவுக்குக் கூண்டுத் தொட்டியைச் சொன்னேன். அவர் வீட்டுப் பின்புறம் கெட்டியான மண்தரை, சாக்கடை தள்ளியிருக்கிறது. பேரக்குழந்தைகள் ஓடியாடும் எதிர் வீட்டுப் பெரியவருக்குப் பாலி டேங்க். போன வாரம் அதற்கு மேடை கட்டும்போது, நிரம்பி வழியும் குழாயை நுழைவுக் குழாயின் அதே அகலத்தில் வைத்து, அதன் வாயை அவர் வீட்டு வாழைக்கன்றுகளின் பக்கம் திருப்பிவிட்டேன்.