அரசு மருத்துவமனை நம்பிக்கை மையம்: ஆலோசனை நன்று, அறைதான் குறை

கர்ப்பகாலப் பரிசோதனையில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதாக அறிந்த உறவுக்காரப் பெண்ணுக்குத் துணையாக, எங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குச் சென்று வந்தேன். பரிசோதனை, ஆலோசனை இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

"கணவரிடம் ஏன் இன்னும் சொல்லவில்லை?" என்று அதட்டுவார்களோ என அவள் அஞ்சியிருந்தாள். ஆலோசகரோ, "சொன்னால் வீட்டில் என்னம்மா நடக்கும்?" என்றுதான் கேட்டார். அதன் பிறகே அவள் வாய் திறந்தாள். கர்ப்பிணிக்குத்தான் முதலில் பரிசோதனை நடக்கிறது என்பதால், தொற்று யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பது தெரியாமலேயே, முதலில் தெரியவந்தவள் தலையில் மாமியார் வீடு பழியைப் போட்டுவிடும் என்றும், பிறந்த வீட்டுக்குத் துரத்திவிட்டால் குழந்தையோடு எங்கே போவது என்றும் சொல்லி அழுதாள். சொல்லாதவர்களை வஞ்சகர்கள் என்று ஏசுவோர் இந்த அச்சத்தை ஒருமுறையேனும் அருகிலிருந்து கேட்க வேண்டும்.

கணவரின் நலனையும் ஆலோசகர் விட்டுவிடவில்லை. ஆணுறையின் அவசியத்தை விளக்கினார். அவள் சம்மதித்தால் கணவரையும் பரிசோதனைக்கு வரவழைத்து, இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துத் தாமே பேசுவதாகச் சொன்னார். துணைக்குத் தெரிவிக்க 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் சில நிபந்தனைகளோடு இடம் தருகிறது என்றாலும், வன்முறையோ கைவிடப்படுதலோ நேரும் என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், தெரிவிக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்வதை அவர் பொறுமையாக எடுத்துரைத்தார். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை நாள் தவறாமல் உட்கொண்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது என்பது அவளுக்குப் பெரிய தெம்பைத் தந்தது. அந்த மாத்திரைகளை அவள் லேபிள் கிழித்த டப்பாவில் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். மாமியார் அடுக்களையில் இருந்தால் அன்றைய மாத்திரை தவறிவிடும். ஒளித்து உண்ணும் மருந்து இப்படித்தான் விட்டுப்போகும் என்று ஆலோசகர் சொன்னபோதுதான், கணவரை அழைத்துவர அவள் இசைந்தாள்.

குறை, அறையில்தான். கதவு சரியாக மூடுவதில்லை. உள்ளே பேசுவது வெளியே வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்கிறது. கணவரிடமே சொல்ல நடுங்குகிறவள் ஊரார் காதுபட எப்படிப் பேசுவாள்? மருத்துவமனை நிர்வாகம் இதை உடனே சரிசெய்ய வேண்டும். நேரில் செல்லத் தயங்குவோர் 1097 என்ற கட்டணமில்லா எய்ட்ஸ் உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம்.