ஸ்க்லீரல் லென்ஸ்: எட்டு மாதம் போட்டுப் பார்த்ததில்

இரண்டு கண்ணிலும் கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய். ஆறு வருஷம் ஆர்ஜிபி என்கிற சின்ன ஹார்டு லென்ஸோடு மல்லுக்கட்டினேன். கூம்பிப்போன கருவிழியின் நுனியிலேயே அது உரசும். பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு தூசி விழுந்தால் போச்சு. சாயம் விட்டுப் பார்த்த டாக்டர், நுனியில் சிராய்ப்பு என்றார். அன்றே ஸ்க்லீரலுக்கு மாற முடிவு.

16 மில்லிமீட்டர் அகலம். முதலில் பார்த்ததும் கோட்டுப் பட்டனோ என்று பயந்தேன். ஆனால் இது வெண்விழியில் உட்கார்ந்து, கருவிழியைத் தொடாமல் குடைபோல் நிற்கிறது, இடையில் சலைன் என்கிற உப்பு நீர். சிராய்ப்பு ஆறிவிட்டது, காலை நேரச் சிவப்பும் போனது.

தொல்லை மதியம்தான். மூன்று மணிக்கு உள்ளே கசடு சேர்ந்து மார்கழிப் பனி மாதிரி மங்கும். ஆபீஸில் கழற்றி, பதப்பொருள் கலக்காத புது சலைன் நிரப்பி, குனிந்தபடியே மாட்ட வேண்டும். ஒரு குமிழி சிக்கினால் மறுபடி முதலிலிருந்து. குழாய்த் தண்ணீர் மட்டும் கூடாது. அதிலிருக்கும் அகாந்தமீபா என்கிற நுண்ணுயிரால் தொற்று வந்தால் பார்வைக்கே ஆபத்து.

ராத்திரி கழற்றியதும் வெண்விழியில் வளையத் தடம் தெரியும். கசக்கக் கை பரபரக்கும். இந்த நோய்க்கு அதுதான் ஆகவே ஆகாது, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.