கோஸ்ட் கார்டு சான்றிதழ் இருந்தால் மாநிலப் பதிவு வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

ஃபுளோரிடாவில் படகு வைத்திருப்பவர்களும் வாங்கப்போகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள். ஏமாந்ததில் பாதி என் தப்புதான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு 34 அடி பாய்மரப் படகு ஒன்றை, ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து 38,000 டாலருக்கு வாங்கினேன். அவர் அதை கோஸ்ட் கார்டிடம், அதாவது அமெரிக்கக் கடலோரக் காவல் படையிடம், பதிந்து சான்றிதழ் வைத்திருந்தார். படகு கைமாறியதும் அந்தச் சான்றிதழ் செல்லாது, புது உரிமையாளர் தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கென்று ஓர் ஏஜென்டைக் கைகாட்டினார்.

ஏஜென்ட் 900 டாலர் கேட்டார். கோஸ்ட் கார்டு தரும் ஃபெடரல் (மத்திய அரசு) சான்றிதழ் வந்துவிட்டால் மாநிலப் பதிவு தேவையில்லை, விற்பனை வரியும் கிடையாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். டெல்லியே கையெழுத்துப் போட்ட பிறகு சென்னை என்ன கேட்கப்போகிறது என்ற நம் ஊர்ப் புத்தி எனக்கு. சரி என்று பணத்தைக் கட்டிவிட்டேன்.

அவர் சொன்னது முழுப் பொய் என்றால்கூடக் கண்டுபிடித்திருப்பேன். பாதி உண்மை கலந்திருந்தது. ஃபெடரல் சான்றிதழ் உள்ள படகுக்கு மாநிலம் உரிமைப் பத்திரம் தராது. முன்பக்கம் இரு புறமும் ஒட்டும் ‘எஃப்எல்’ எண்ணும் கிடையாது. ஆனால் அந்தப் படகை ஃபுளோரிடா தண்ணீரில் ஓட்ட வேண்டுமென்றால் மாநிலத்தில் பதிந்து, இடது பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியே ஆக வேண்டும். படகு யாருடையது, எந்த நாட்டுடையது என்பதற்கு கோஸ்ட் கார்டு காகிதம். கடன் கொடுக்கும் வங்கிக்கும், பஹாமாஸ் போய் இறங்கும்போதும் அது உதவும். வரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

படகு வாங்கிய எட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தபோது ரோந்துப் படகு நிறுத்தியது. சான்றிதழை எடுத்து நீட்டினேன். அதிகாரி மரியாதையாகப் பார்த்துவிட்டு, ஸ்டிக்கர் எங்கே என்றார். கையில் அபராத டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) டாக்ஸ் கலெக்டர் அலுவலகத்தில் 6 சதவீத விற்பனை வரி 2,280 டாலர், மேலே கவுன்ட்டியின் கூடுதல் வரி, வாங்கி 30 நாளுக்குள் வராததற்கு அபராதம் என்று வரிசையாகக் கட்டினேன். ஏஜென்டுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை.

அவர் விட்ட இன்னொரு ஓட்டை படகுக்குள்ளே இருந்தது. கோஸ்ட் கார்டு கொடுக்கும் எண்ணை 3 அங்குல உயரத்தில், உள்ளே கட்டுமானப் பகுதி ஒன்றில், எடுத்தால் தடம் தெரியும்படி நிரந்தரமாகப் பதிக்க வேண்டும். அவர் தனியாக 60 டாலர் வாங்கிக்கொண்டு ஒட்டிக் கொடுத்தது சாதாரண வினைல் எழுத்து. ஒரு கோடை முடிவதற்குள் ஓரம் சுருண்டுவிட்டது. (வெளியே படகின் பெயரும் துறைமுக ஊரும் 4 அங்குலத்தில் இருக்க வேண்டும். தமிழில் ‘காவேரி, தஞ்சாவூர்’ என்று எழுத ஆசைப்பட்டேன். பெயர் லத்தீன் எழுத்தில்தான், ஊர் அமெரிக்காவில்தான் என்பது விதி. அதை மட்டும் சரியாகச் சொன்னார்.)

இத்தனைக்குப் பிறகும் இன்னொரு முறை ஏமாந்தேன். சான்றிதழ் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு கடிதம் வந்தது. கழுகு முத்திரை, படகின் பெயர், எண், காலாவதித் தேதி எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தன. கோஸ்ட் கார்டு பதிவேடு பொதுமக்கள் பார்க்கக்கூடியது என்பதால் இந்த விவரம் யாருக்கும் கிடைக்கும். உடனே புதுப்பிக்காவிட்டால் சட்டச் சிக்கல் என்று சிவப்பில் மிரட்டல் வேறு. ஐந்து வருடத்துக்கு 575 டாலர். இணையத்தில் என் வங்கி கார்டு எண்ணைப் போட்டுக் கட்டினேன். சில வாரம் கழித்து உண்மையான அறிவிப்பு வந்தது. வருடத்துக்கு 26 டாலர், ஐந்து வருடத்துக்கு 130. அப்புறம்தான் முதல் கடிதத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், ‘தனியார் நிறுவனம்’ என்று இருந்ததைப் பார்த்தேன். வங்கியில் சண்டை போட்டுப் பாதிப் பணம் மீண்டது.

இந்தச் சான்றிதழைத் தருவது மேற்கு வர்ஜீனியாவில் ஃபாலிங் வாட்டர்ஸ் என்ற ஊரில் உள்ள கோஸ்ட் கார்டின் தேசியப் படகு ஆவண மையம் ஒன்றுதான். இணைய முகவரி ‘டாட் மில்’ என்று முடிகிறதா பாருங்கள். ‘டாட் காம்’, ‘டாட் ஆர்க்’ என்றால் இடைத்தரகர். கட்டணம் வாங்கி விண்ணப்பத்தை அனுப்பிவைப்பது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் அரசாங்க வேஷம் எதற்கு?

சின்னப் படகுக்காரர்களுக்கு இந்த வம்பே இல்லை. குறைந்தது 5 நெட் டன் இருந்தால்தான் ஃபெடரல் பதிவு. டன் என்றதும் எடை என்று நினைக்காதீர்கள், உள்ளிடத்தின் கொள்ளளவு அது. ஏறக்குறைய 25 அடிக்கு மேல் போனால் அந்த அளவு வந்துவிடும். அப்படி வந்தாலும், சொந்தப் பொழுதுபோக்குக்கு மட்டும் ஓட்டும் படகுக்கு ஃபெடரல் பதிவு கட்டாயமில்லை, விருப்பம்தான்.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று. ரோந்துப் படகில் மாட்டுவதற்கு முன்பே, அந்த ஏஜென்டை நல்லவர் என்று நண்பர் ஒருவருக்குச் சொல்லியிருந்தேன். நண்பரிடம் கிரீன் கார்டுதான் இருக்கிறது. அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே ஃபெடரல் சான்றிதழ். கிரீன் கார்டு செல்லாது. ஏஜென்டுக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் 400 டாலர் முன்பணம் வாங்கிவைத்துக்கொண்டார். நண்பர் கடைசியில் கவுன்ட்டி அலுவலகத்துக்குப் போய் மாநிலப் பதிவை அரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டு வந்தார். அந்த 400 இன்னும் வரவில்லை.