வேட்டை வில்லுக்கான அம்புத் தாங்கி: மூன்று வகைகளும் என் தேர்வும்

வெள்ளைவால் மான் வேட்டைக்காக, உருளைகளும் அவற்றை இணைக்கும் கேபிள்களும் கொண்ட காம்பவுண்ட் வில் வாங்கும் அமெரிக்க வேட்டைக்காரர்கள் வில்லின் வேகத்தையும் குறிகாட்டியின் தரத்தையும் ஆராய்கிற அளவுக்கு, எய்யும்வரை அம்பைத் தாங்கி நிற்கும் உறுப்பான அம்புத் தாங்கியை ஆராய்வதில்லை. நாணை விட்ட கணத்திலிருந்து அம்பு வில்லை விட்டு நீங்கும்வரை அதைத் தொட்டுக்கொண்டிருப்பவை நாணும் தாங்கியும் மட்டுமே. ஆகவே வில்லுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் செலவிட்டுவிட்டு, தாங்கியைக் கடைக்காரர் கையில் கிடைத்தபடி பொருத்திக்கொள்வது முறையன்று. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. எனவே இந்த மதிப்புரை அமெரிக்காவிலும் கனடாவிலும் முறையான உரிமம் பெற்று வில்வேட்டைக்குச் செல்வோரை மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது.

இலக்குப் பலகையை நோக்கி எய்பவருக்கும் வேட்டைக்காரருக்கும் தேவை ஒன்றல்ல. முன்னவர் சமதரையில் நின்று, அம்பை வைத்த சில நொடிகளிலேயே எய்துவிடுகிறார். மெல்லிய எஃகுத் தகட்டின் மேல் அம்பு கிடந்தாலும் அவருக்குப் போதும். பின்னவரோ தரையிலிருந்து பதினைந்து, இருபது அடி உயரத்தில் மரப் பரணில் அமர்ந்து, நாணில் அம்பைக் கோத்தபடி மணிக்கணக்கில் காத்திருக்கிறார். மான் வரும்போது உடலைத் திருப்பி, சாய்ந்து, சில வேளைகளில் உறைந்த விரல்களோடு நாணை இழுக்கிறார். மான் மரத்தின் பின்னே மறைந்தால் எய்யாமலே நாணை மெல்லத் தளர்த்துகிறார். இத்தனைக்கும் அம்பு தாங்கியை விட்டு நழுவக் கூடாது, உலோகத்தில் பட்டு ஒலி எழுப்பவும் கூடாது. என் கணக்கில் வேட்டைத் தாங்கிக்கு முதல் தகுதி அம்பை விடாமல் பிடித்திருப்பது, அடுத்தது அமைதி, மூன்றாவது, இறகுகள் எதிலும் உரசாமல் வெளியேற இடமளிப்பது. நுண்ணிய திருகுகளால் சரிசெய்யும் வசதி இவற்றுக்குப் பின்னரே வருகிறது. விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, நுண்திருகைத்தான் முதலில் காட்டுகின்றன.

டிராஃபி ரிட்ஜ் நிறுவனம் விற்கும் விஸ்கர் பிஸ்கட், நான் இங்கே பார்க்கும் மூன்று வகைகளுள் மிக எளியது. வட்டமான சட்டத்துக்குள் தூரிகை முடிகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கும். நடுவிலுள்ள துளையில் அம்பின் தண்டு கிடக்கும். கீழ்ப்புற முடிகள் விறைப்பாக இருந்து அம்பைத் தாங்க, மற்றவை சற்று மென்மையாக இருந்து இறகுகளுக்கு வழிவிடுகின்றன. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை என்பதால் பழுதாகவும் ஒன்றுமில்லை. வில்லைத் தலைகீழாகப் பிடித்தாலும் அம்பு விழாது. விலையும் நூறு டாலருக்குள் அடங்கும். அடர்ந்த காட்டில் இருபது, இருபத்தைந்து கெஜத்துக்குள் எய்பவருக்கும், முதல் வில்லைக் கையிலெடுத்த இளையோருக்கும் நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான்.

அதன் குறைகள் அந்த எளிமையிலிருந்தே வருகின்றன. ஒவ்வோர் அம்பும் முடிகளைத் துளைத்துக்கொண்டுதான் வெளியேறுகிறது. அதனால் வேகம் நொடிக்குச் சில அடிகள் குறைகிறது. இந்த இழப்பு மானுக்கு ஒரு பொருட்டல்ல. இறகுகள் தேய்வதும் வளைவதும்தான் உண்மையான சிக்கல். போனிங் நிறுவனத்தின் பிளேசர் போன்ற இரண்டு அங்குல விறைப்பான பிளாஸ்டிக் இறகுகள் இதைத் தாங்குகின்றன. நீண்ட, மென்மையான இறகுகள் நெளிந்துவிடுகின்றன. வான்கோழி இறகு ஒட்டிய அம்புகளை இதில் எய்யவே கூடாது. முடிகள் தேயத் தேய நடுத்துளை அகன்று, அம்பு சற்றே கீழிறங்கி, குறி தவறத் தொடங்கும். நவம்பர் மாதத்து மழை முடிகளில் தேங்கி இரவில் உறைந்தால் தாங்கியின் தன்மையே மாறிவிடும். பனிக்காலக் காட்டின் அமைதியில் நாணை இழுக்கும்போது தண்டு முடிகளில் உராயும் ஒலியும் கேட்கும். அது சிறியதுதான், ஆனால் பரணுக்கு நேர் கீழே நிற்கும் மானுக்கு அதுவே போதும்.

இந்த உரசலைத் தவிர்க்கவே விழும் தாங்கிகள் வந்தன. கவை போன்ற ஒரு சிறு கை அம்பைத் தூக்கிப் பிடித்து, நாணை விட்டதும் கீழே விழுந்து, இறகுகளுக்கு முழு வழியையும் திறந்துவிடுகிறது. அந்தக் கவையை இயக்கும் கயிறு எங்கே கட்டப்படுகிறது என்பதே வாங்குவோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கேபிளில் கட்டி, நாணை இழுக்கையில் கயிறு கவையை மேலே தூக்குமாறு செய்வது ஒரு முறை. வில்லின் வளையும் கையான லிம்பில் கட்டுவது மற்றொரு முறை.

கேபிள் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, வேட்டைக்காரர்களிடையே பெரிதும் பரவியுள்ள, கியூஏடி நிறுவனத்தின் அல்ட்ராரெஸ்ட் எச்டிஎக்ஸ். காத்திருக்கும்போதே கவையைக் கட்டைவிரலால் உயர்த்தி நிறுத்திவிடலாம். சுற்றிலும் சட்டம் இருப்பதால் அம்பு முழுவதும் அடைபட்டுக் கிடக்கும். நாணை விட்டபின் கேபிள் அதிவேகமாக மீளும்போதுதான் கவை விழுகிறது. எய்யாமல் மெதுவாகத் தளர்த்தினால் அது நின்ற நிலையிலேயே இருக்கும், அம்பும் இடம் மாறாது. விழுந்த கவை துள்ளி எழுந்து இறகில் மோதாதபடி உள்ளே ஒரு பூட்டும் உண்டு. பரணில் அமர்ந்திருப்பவரின் சங்கடங்களை அறிந்த ஒருவர் வடிவமைத்தது என்று இதைப் பயன்படுத்தும்போது உணர்கிறேன். கேபிள் முறைக்குப் பொதுவாக உள்ள குறை ஒன்று இதற்கும் உண்டு: கயிற்றின் நீளத்தைக் கேபிளின் நகர்வோடு சரியாகப் பொருத்த வேண்டும், புதிய கேபிள் சற்றே நீண்டாலும், கயிற்றைக் கேபிளோடு பிணைக்கும் பிடிப்பான் நழுவினாலும் கவை எழும் நேரமும் விழும் நேரமும் பிசகும்.

லிம்ப் முறை இதற்கு நேர்மாறாக இயங்குகிறது. கவையைச் சுருள்வில் மேலே தள்ளிக்கொண்டிருக்க, ஓய்வு நிலையில் லிம்பில் கட்டிய கயிறு அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். நாணை இழுக்கையில் லிம்ப் வளைந்து, கயிறு தளர்ந்து, கவை எழுகிறது. எய்ததும் லிம்ப் நிமிர்ந்து கவையைக் கீழே இழுத்துவிடுகிறது. நாண் முன்னே பாயும் தூரத்தின் பெரும்பகுதிக்கு அம்பு தாங்கப்பட்டே செல்வதால், எய்பவரின் கைநடுக்கத்தை இம்முறை ஓரளவு மன்னிக்கிறது என்பது என் அனுபவம். கயிற்றைக் கட்ட வில்லை அழுத்தும் இயந்திரம் தேவையில்லை, வீட்டிலேயே கட்டலாம். ஹாம்ஸ்கியா டிரினிட்டியும் வேப்பர் டிரெய்ல் லிம்ப் டிரைவரும் இவ்வகையில் முன்னிற்பவை. டிரினிட்டியின் அச்சு பேரிங்குகளில் சுழல்வதால் அதன் இயக்கத்தில் ஆட்டமே தெரிவதில்லை. அதை விரும்பினால் கேபிளிலும் கட்டிக்கொள்ளலாம். ஆனால் ஓய்வு நிலையில் கவை தாழ்ந்திருப்பதால், நாணை இழுக்கும்போதுதான் அம்பு மேலெழுகிறது. அம்பு கிடக்கும் இடத்தில் மென்மையான ஒட்டுத்துணி பதிக்காவிட்டால் அந்தச் சிறு அசைவே ஒலியாகிவிடும்.

கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் வாங்கும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். லிம்ப் முறையில் கயிறு அறுந்தால் கவை மேலேயே நின்றுவிடும். இறகு உரசினாலும் அருகிலுள்ள இலக்கை எய்ய முடியும். சாதாரண கேபிள் முறைத் தாங்கியில் கயிறு அறுந்தால் கவை எழாது, அந்த நாள் வேட்டை அத்துடன் முடிந்தது. முள்ளும் புதரும் நிறைந்த இடத்தில் வில்லைச் சுமந்து நெடுந்தூரம் நடப்போருக்கு இந்த வேறுபாடு பெரிது. வில்லைக் கயிற்றில் கட்டிப் பரணுக்கு ஏற்றுவோருக்கும் அப்படியே.

பொருத்தும் முறையிலும் அண்மையில் நல்ல மாற்றம் வந்துள்ளது. வில்லின் கைப்பிடிச் சட்டத்திலுள்ள துளையில் ஒரே போல்ட்டால் இறுக்கும் பழைய முறையில், அடிபட்டால் தாங்கி சற்றே திரும்பிவிட வாய்ப்புண்டு. மேத்யூஸ், ஹொய்ட் நிறுவனங்களின் வில்களின் பின்புறத்தில் இப்போது வெட்டப்படும் இன்டக்ரேட் பள்ளத்தில் தாங்கியையே கவ்வச் செய்யலாம். அது திரும்புவதற்கு இடமே இல்லை. உங்கள் வில்லில் அப்பள்ளம் இருந்தால் அதற்கேற்ற வடிவத்தையே கேட்டு வாங்குங்கள். வலக்கை, இடக்கை வேறுபாட்டையும் பெட்டியின் மேல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தாங்கியானாலும் சரியாக அமைக்காவிட்டால் பயனில்லை. பல காம்பவுண்ட் வில்களில் கைப்பிடிச் சட்டத்திலிருந்து அம்பின் நடுக்கோடு ஏறத்தாழ 13/16 அங்குலம் தள்ளியிருக்குமாறு தொடங்கி, அம்பு போல்ட் துளையின் நடுவை ஒட்டிச் செல்லுமாறும் நாணுக்குச் செங்குத்தாக அமையுமாறும் வைக்க வேண்டும். பிறகு சில அடி தொலைவில் விரித்த தாளை எய்து கிழிசலின் வடிவைப் பாருங்கள்; அம்பு நேராகப் பறக்கிறதா என்பதை அது காட்டும். இறகு எங்காவது உரசுகிறதா என்று ஐயம் எழுந்தால், பாதத்துக்குப் பூசும் பவுடரைத் தாங்கியின் மேலும் இறகுகளின் மேலும் தெளித்து ஒரு முறை எய்தால் உரசிய இடம் கோடாகத் தெரிந்துவிடும். கடைசியாக, வேட்டைக்குரிய அகன்ற கத்திமுனையையும் பயிற்சி முனையையும் மாறிமாறி எய்யுங்கள். நிலையான கத்திமுனை காற்றைப் பிடித்துச் சிறு பிழையையும் பெரிதாக்கிக் காட்டும். அது பயிற்சி முனைக்கு இடப்புறம் விழுந்தால் தாங்கியை வலப்புறம் மிகச் சிறிதளவு நகர்த்துங்கள், இரண்டும் ஓரிடத்தில் விழும்வரை. நுண்திருகு வசதிக்குக் கொடுத்த பணம் இங்கேதான் பயன்படுகிறது. மானின் நெஞ்சில் உயிர்நிலை எட்டு, பத்து அங்குல வட்டத்துக்குள் அடங்குவது. அதைத் தவறவிட்ட அம்பு ஓர் உயிரை நெடுநேரம் துன்புறுத்தும் என்பதால், இந்த வேலையில் நான் சோம்பலை ஏற்பதில்லை.

பரணிலிருந்தே வேட்டையாடுபவர், அம்பைக் கோத்துக் காத்திருக்கும் பழக்கமுள்ளவர் என்றால் எச்டிஎக்ஸ் வாங்கலாம். மலைகளில் எல்க் மானைத் தேடி நடப்பவரும், வில்லைத் தாமே பழுதுபார்க்க விரும்புபவரும் லிம்ப் முறையில் டிரினிட்டியைத் தேர்வது நல்லது. விலை கூடுதலாயினும் அதற்கு ஈடான உழைப்பு அதில் இருக்கிறது. என் வில்லில் இப்போது இருப்பதும் அதுதான். மரபு வில்லில், இறகு அம்பை வில்லின் தட்டிலேயே வைத்து எய்பவர்களுக்கு இவை எதுவும் தேவையில்லை.

எதை வாங்கினாலும் உடன் ஒரு மாற்றுக் கயிறும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பருவம் தொடங்குமுன், கயிறு முடிச்சிடப்பட்ட இடத்திலும் உலோக விளிம்பைத் தொடும் இடத்திலும் இழைகள் பிசிறியிருக்கின்றனவா என்று பார்த்து, பிசிறியிருந்தால் அன்றே மாற்றிவிட்டு, மீண்டும் தாளில் எய்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.