டிராக்டருக்கு லோடர் மாட்டுறீங்களா? பின் டயரைச் சோதிக்காம காசு கொடுக்காதீங்க

கோபி (கோபிசெட்டிபாளையம்) பக்கம் வாய்க்கால் பாசனத்துல கரும்பும் மஞ்சளும் பண்றேன். 50 ஹெச்.பி. டிராக்டருக்கு முன்னாடி பக்கெட் லோடர் மாட்டினதுல நல்லா ஏமாந்துட்டேன். காசு போனது ஒரு பக்கம், எங்க டிரைவர் அண்ணன் உயிரே போயிருக்கும். லோடர் வாங்கற யோசனையில இருக்கிறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க.

எருக் குப்பை அள்ள ஆள் கிடைக்கலைன்னுதான் போன தை மாசம் பக்கத்து டவுன் பட்டறையில மாட்டினேன். 1,85,000 ரூபாய். டெலிவரி அன்னைக்கு ஈரக் குப்பையை பக்கெட் நிறைய அள்ளினப்ப பாதி உயரத்துல நின்னுபோச்சு. பட்டறைக்காரர் "ஒரு நிமிசமுங்க"ன்னு சொல்லிட்டு கண்ட்ரோல் வால்வு பக்கம் குனிஞ்சு ஸ்பேனர்ல எதையோ திருகினார். அடுத்த தடவை பக்கெட் சர்ருனு மேல போயிருச்சு. நாங்க எல்லாரும் சந்தோசமா பார்த்துட்டு நின்னோம். அவர் என்ன திருகினார்னு நான் கேட்கவே இல்லை. என்னோட முதல் தப்பு அதுதான்.

ரெண்டாவது தப்பு டயர்ல. முன்னாடி சுமை ஏறினா பின் சக்கரம் இலேசாகும், அதனால பின் டயருக்குத் தண்ணி ஏத்தணும்னு எனக்கே தெரியும். சேத்துழவுக்கு எங்க அப்பா காலத்துலயே ஏத்தியிருக்கோம். ஆனா பட்டறைக்காரர் "தண்ணி பழைய முறைங்க, இப்ப வெயிட் மருந்து வந்திருக்கு, தண்ணியை விட ரொம்பக் கனம், பாதி போட்டாலே போதும்"னு சொல்லி தனியா 9,000 வாங்கிட்டார். வெள்ளைச் சீட்டுல "வெயிட் மருந்து"ன்னு மட்டும் எழுதிக் கொடுத்தார்.

நாலு மாசம் ஓடுச்சு. ஸ்டியரிங் கல்லு மாதிரி இருந்துச்சு, முன் டயர் பிதுங்கிட்டு நின்னுச்சு. லோடர் மாட்டினா இப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்.

ஆனி மாசம் வாய்க்கால் கரையில இருந்து பக்கெட் நிறைய குப்பையோட அண்ணன் இறங்கினார். நான் இருபதடி பின்னாடி நின்னிருந்தேன். வலது பின் சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் மேல வந்ததை என் கண்ணால பார்த்தேன். பிரேக்கை மிதிச்சிருக்கார், வண்டி நிக்கலை. எங்க டிராக்டர் டூ வீல் டிரைவ், அதுக்கு பிரேக் பின் சக்கரத்துல மட்டும்தான். அந்தச் சக்கரம் தரையை அழுத்தலைன்னா பிரேக் இருந்தும் இல்லாத மாதிரி. அவர் சமயோசிதமா லீவரைத் தள்ளி பக்கெட்டை மண்ணுல குத்தினதாலதான் வண்டி நின்னுச்சு. குத்தின அதிர்ச்சியில ஒரு ஹோஸ் வெடிச்சு, சூடான ஆயில் அவர் தொடையில அடிச்சிருச்சு. ஒரு கை அகலத்துக்குச் சிவந்துபோச்சு. எட்டடி தள்ளி அவரோட பையன் நின்னுட்டிருந்தான். இன்னும் அதை நினைச்சா எனக்குத் தூக்கம் வர்றதில்லை.

மறுநாள் ஜேசிபி வேலை பார்க்கிற ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தேன். வெடிச்ச ஹோஸைத் துணியால துடைச்சு எழுத்தைக் காட்டினார்: ஆர்1, அரை இஞ்ச். உள்ள ஒரே கம்பிப் பின்னல். அந்த ரகம் தாங்குற வேலை அழுத்தம் 160 பார் (பார்ங்கிறது அழுத்தத்தோட அளவு). ரெண்டு பின்னல் இருக்கிற ஆர்2 ஹோஸா இருந்தா அதே அரை இஞ்சுக்கு 275 பார் தாங்கும். இதுல பிராக்கெட்டுல உரசி ரப்பர் தேஞ்சு கம்பியே தெரிஞ்சது. அப்புறம் ஆயில் லைன்ல அழுத்தம் காட்டுற கேஜ் மாட்டி பக்கெட்டைக் கடைசி வரைக்கும் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். முள்ளு 210 பார்ல போய் நின்னுச்சு. டெலிவரி அன்னைக்கு திருகினது ரிலீஃப் வால்வு, அழுத்தம் அளவு மீறாம காக்கிறது அதுதான். 160-ல இருந்ததை 210 ஆக்கினா, அந்த ஒரு திருகுல தூக்குற விசை மூணுல ஒரு பங்குக்குக் கிட்ட கூடிருச்சு. ஆனா பின்னாடி அதைத் தாங்கற எடை ஒரு கிலோ கூடக் கூடலை. விக்கிறப்ப பக்கெட் ஏறுறதை மட்டும்தானே நாம பார்க்கறோம்.

டயரைப் பஞ்சர் கடைத் தம்பி பார்த்தார். ஜாக்கி வச்சுத் தூக்கி, வால்வு சரியா நடு உயரத்துக்கு வர்ற மாதிரி சக்கரத்தைச் சுத்தி, வால்வுக்குள்ள இருக்கிற ஊசியை அமுக்கினார். புஸ்ஸுனு வெறும் காத்து. அப்படின்னா பாதி கூட இல்லை. இன்னும் கீழ கொண்டுவந்த பிறகுதான் தண்ணி பீச்சுச்சு. மட்கார்டுல தெறிச்ச துளி வெயில்ல காய்ஞ்சதும் வெள்ளையா உப்புப் பூத்துருச்சு. வால்வைச் சுத்தி ரிம் செதில் செதிலா துருப்பிடிச்சிருந்தது.

மருந்துன்னு ஏமாத்தினாரே, அந்தப் பேச்சுக்கு ஒரு மூலம் இருக்கு. பனி உறையற நாடுகள்ல டயர்த் தண்ணி கட்டியாகாம இருக்க கால்சியம் குளோரைடு கலப்பாங்க. அது எடையும் கொஞ்சம் கூட்டும், இரும்பையும் அரிக்கும். அதையே நல்லாக் கலந்தாலும் தண்ணியை விட கால் பங்கு, இல்லைன்னா சுமாரா மூணுல ஒரு பங்குதான் கனம் கூடும். பாதி ஊத்தினா போதும்ங்கிறது பச்சைப் பொய். கோபி வெயில்ல தண்ணி எங்கீங்க உறையப்போகுது? நமக்குக் கிணத்துத் தண்ணியே போதும். வால்வை உச்சிக்கு வச்சு, அந்த மட்டத்துல தண்ணி வழியற வரைக்கும் ஏத்தினா முக்கால் டயர் நிறையும், மீதிக்குக் காத்து. எங்க 14.9-28 டயருக்கு ஒண்ணுக்குச் சுமாரா 200 லிட்டர் பிடிச்சுது, ரெண்டுக்கும் சேர்த்து 400 கிலோ. கூலி 600 ரூபாய்.

மெக்கானிக் சொன்ன இன்னொண்ணு எனக்குப் புதுசு. டயர்த் தண்ணி பின் சக்கரத்தைத் தரையோட பிடிச்சு வைக்கும், ஆனா முன் ஆக்சில் சுமையைக் குறைக்காது. அதைக் குறைக்கணும்னா பின் ஆக்சிலுக்கும் பின்னாடி, கலப்பை மாட்டுற லிஃப்ட்ல எடை தொங்கணும். 200 லிட்டர் டிரம்ல கான்கிரீட் நிறைச்சா 480 கிலோ வரும். நான் முக்கால் டிரம் ஊத்தி மாட்டியிருக்கேன், ஸ்டியரிங் நல்லாவே இளகிருச்சு.

ஒரு விஷயம், ஹோஸ்ல ஊசித்துளை ஒழுகல் இருந்தா கையால தடவிப் பார்க்காதீங்க. அந்த அழுத்தத்துல ஆயில் தோலுக்குள்ளயே பாஞ்சிரும், விரலையே எடுக்க வேண்டி வரும். அட்டையை வச்சுப் பாருங்க. காயம் சின்னதா தெரிஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

பட்டறைக்காரர் இப்ப என் போனை எடுக்கறதில்லை. நேர்ல போனப்ப "ஓட்டத் தெரியாம ஓட்டிட்டு எங்களைச் சொல்றீங்க"ன்னு அண்ணனை வச்சுக்கிட்டே சொன்னார். 22 வருசமா டிராக்டர் ஓட்டுற மனுசனைப் பார்த்து அந்தப் பேச்சு. 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சாச்சு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதிட்டு இருக்கேன், அதுக்கு 2 வருசம் வரைக்கும் நேரம் இருக்கு. வெள்ளைச் சீட்டை மட்டும் வாங்கினதுதான் இப்ப எனக்குப் பெரிய தடையா நிக்குது. பம்ப், ஹோஸ் ரகம், ரிலீஃப் வால்வு செட்டிங், டயர்ல எத்தனை லிட்டர், எல்லாத்தையும் பில்லுல எழுதி வாங்குங்க. காசு கொடுக்கறதுக்கு முன்னாடி கேஜ் மாட்டிக் காட்டச் சொல்லுங்க, டயர் வால்வை நடு உயரத்துல வச்சு ஊசியை நீங்களே அமுக்கிப் பாருங்க.

வெடிச்ச ஹோஸைக் கொட்டாயில ஆணி அடிச்சு மாட்டி வச்சிருக்கேன். இந்தப் பக்கம் லோடர் வாங்கற யாரா இருந்தாலும் முதல்ல வந்து அதைப் பார்த்துட்டுப் போங்க.