சமையலறைத் தராசும் கப் தொகுதியும்: திருகோணமலையில் வாங்கிப் பார்த்தது

திருகோணமலை மத்திய வீதியில் உள்ள ஒரு பாத்திரக் கடையில், இலத்திரனியல் சமையலறைத் தராசு ஒன்றும் அளவுக் கப், கரண்டித் தொகுதி ஒன்றும் ஒரே பெட்டியில் விற்கப்படுகின்றன. வீட்டில் கேக்கும் பாணும் செய்பவர்களுக்கு அந்தத் தராசு கட்டாயம் வேண்டிய பொருள். கப் தொகுதியைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரிய கப்பின் பிடியில் 250 மி.லீ. என்று பொறித்திருக்கிறார்கள். ஒரு மில்லிலீற்றர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிராம் நிறை உடையது என்பதால், கப்பைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி விளிம்புவரை தண்ணீர் ஊற்றினால் அதன் உண்மையான கொள்ளளவு தெரிந்துவிடும். ததும்பும் நிலையிலும் தராசு 237 கிராமைத் தாண்டவில்லை. அது அமெரிக்கக் கப்பின் அளவு, 250 மி.லீ. என்பது ஆஸ்திரேலியாவில் வழங்கும் மெற்றிக் கப். வெளிநாட்டு உறவினர்கள் அனுப்பும் செய்முறையில் நான்கு கப் மா என்று இருந்தால், இந்த வேறுபாடு 50 மி.லீ. அளவுக்கு வளர்ந்துவிடும். மேசைக்கரண்டி சரியாக 15 மி.லீ. கொள்கிறது. ஆனால் ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மி.லீ. என்பதால் அங்கிருந்து வரும் குறிப்புகளில் கவனம் வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை பெட்டியின் பின்புறத்தில் உள்ள அட்டவணை. ஒரு கப் 250 கிராம் என்று எல்லாப் பொருளுக்கும் பொதுவாக அச்சிட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் கப் ஒன்றில் கரண்டியால் மெதுவாக இட்டு நிரப்பி மட்டம் வழித்த கோதுமை மா 120 கிராம் அளவில் நிற்கும். அதே கப்பை மாப் பைக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்வரை போகும். சீனி 200 கிராம், தேங்காய் எண்ணெய் 218 கிராம், தேன் 340 கிராம். அட்டவணையை நம்பி 250 கிராம் மாவை ஒரு கப்புக்குப் பதிலாகப் போட்டால் கேக் கல்லாகிவிடும்.

இதனால் நம் வீடுகளில் சுண்டால் அரிசி அளக்கும் பழக்கம் தவறென்று ஆகாது. சோறு ஆக்கும்போது அரிசியையும் தண்ணீரையும் ஒரே சுண்டாலேயே அளக்கிறோம். அங்கே விகிதம் சரியாக இருந்தால் போதும், சுண்டின் அளவு எதுவாக இருந்தாலும் பாதகமில்லை. புட்டுக்கு மா குழைக்கும்போது தண்ணீரின் அளவைக் கையே சொல்லிவிடும். வெண்ணெய், சீனி, மா, முட்டை எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டிய கேக்குக்குத்தான் நிறை தேவைப்படுகிறது.

தராசு 5 கிலோவரை ஒவ்வொரு கிராமாகக் காட்டுகிறது. ஒரே கிண்ணத்தில் மாவை நிறுத்து, பொத்தானை அழுத்திச் சுழியமாக்கி, அதன் மேலேயே சீனியை நிறுக்கலாம்; கழுவ வேண்டிய பாத்திரங்கள் பாதியாகக் குறைகின்றன. றாத்தல், அவுன்ஸ் அலகுகளும் இருப்பதால், அம்மாவின் கொப்பியில் உள்ள அரை றாத்தல் வெண்ணெயை 227 கிராமாக மாற்றிக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் மி.லீ. அலகை நான் தண்ணீருக்கு மட்டுமே பயன்படுத்துவேன். எல்லாத் திரவத்தையும் அது தண்ணீராகவே எண்ணுவதால், 100 மி.லீ. தேங்காய் எண்ணெயை 92 என்றும், அதே அளவு தேனை 142 என்றும் காட்டுகிறது. பசும்பாலுக்கு வேறுபாடு மிகச் சிறிது.

அப்பச்சோடா, ஈஸ்ற் போன்றவற்றைச் சிறிது சிறிதாகத் தூவும்போது இலக்கம் அசையாமல் நிற்கிறது. அவற்றுக்குத் தேக்கரண்டியே நல்லது. கடற்காற்று நேராக வீசும் யன்னலோரத்தில் அகலமான கிண்ணத்தை வைத்தால் கடைசி இலக்கம் தடுமாறுகிறது. சற்று நேரம் தொடாமல் விட்டால் தராசு தானாக அணைந்து, அதுவரை நிறுத்த கணக்கும் போய்விடுகிறது. முட்டையை உடைத்துக் கொண்டிருக்கும் வேளையில் இது உண்மையிலேயே எரிச்சலூட்டுகிறது.

பெட்டியாக வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. “தராசு மட்டும் வேணுமெண்டாலும் தரலாம் அக்கா” என்று கடையில் நின்ற தம்பி சொன்னார். தராசையும், தனியாகத் தொங்கவிட்டிருக்கும் உருக்குக் கரண்டிக் கோர்வையையும் வாங்கினால் போதும். பற்றரியைப் போட்டு, ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை வைத்து அங்கேயே சோதிக்க விடுகிறார்கள். வெறும் போத்தலின் நிறையைக் கழித்த பின் 1000 கிராமுக்கு அருகில் வந்தால் தயங்காமல் எடுக்கலாம்.